மாடியில் டெஸ்க்டாப், கீழே ரவுட்டர்: எந்த வைஃபை அடாப்டர் வாங்கலாம்?

தேனிக்காரி

வணக்கம். டெஸ்க்டாப்பை மாடி அறைக்கு மாற்றியிருக்கிறோம். கீழே ஹாலில் இருந்தவரை ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், ஒரு தொல்லையும் இல்லை. இப்போது ரவுட்டர் கீழேயே இருக்கிறது, கம்ப்யூட்டர் மேலே போய்விட்டது. ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டர் கம்பெனி கொடுத்தது. அடியில் ஏசி1200 என்று ஒட்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர்: ரைசன் 5 3600, பி450எம் போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11. போர்டில் வைஃபை இல்லை. பகலில் எனக்கு வீடியோ மீட்டிங், ராத்திரியில் பையனுக்கு கேம்.

கடையில் கேட்டால் நகத்தளவு டாங்கிள் ஒன்றை எடுத்து நீட்டி, "600 எம்பிபிஎஸ் மேடம், உங்க பிளானே 100தானே, தாராளமா போதும்" என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் ஏசி600, ஏசி1300, ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000 என்று போய்க்கொண்டே இருக்கிறது. 3000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

கம்பிவடம்

கேட்6 கேபிள் 20 மீட்டர் வாங்கி மாடிக்கு இழுத்துவிடுங்கள். இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

தேனிக்காரி

அதைத்தான் முதலில் யோசித்தோம் அண்ணா. கன்சீல்டு பைப்பில் கரண்ட் வயர் நிறைந்து கிடக்கிறது, இன்னொன்று நுழையாது. வெளிச்சுவர் வழியாக இழுக்கலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டில் அப்படி மொட்டைமாடி வழியாக விட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்து, ரவுட்டரின் லேன் போர்ட்டும் கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் ஒன்றாகப் போயின. அதிலிருந்து எங்கள் வீட்டுக்காரரிடம் கேபிள் பேச்சை எடுக்க முடியவில்லை.

கம்பிவடம்

இடி கரண்ட் வயர் வழியாகவும்தான் வரும். அதற்காக ஃபேனைக் கழற்றிவிடுவாரா?

மதர்போர்டு_மாமா

கம்பிவடம் சொல்வதும் சரி, அவர் வீட்டுக்காரர் பயப்படுவதும் சரி. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஏறாது. வெளியே வெட்டவெளியில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பியில் ஏறும். மலையோரத்து ஊர்களில் லேன் போர்ட் போவது சாதாரணம். வீட்டுக்குள்ளேயே, மாடிப்படி ஓரமாக ஒரு கேபிளை விட வழி இருந்தால் இப்போதும் நான் அதைத்தான் சொல்வேன். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேனையும் திணிக்காதீர்கள், அது வேறு வகை ஆபத்து.

வழி இல்லை என்றால் அடாப்டருக்கு வருவோம். எந்த மாடல் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனி வைஃபை பெயர் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனை 5 பெயரில் இணைத்து, ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீடு டெஸ்ட். பிறகு மாடியில் மேஜை மேல் ஒன்று. அப்புறம் குனிந்து, சிபியுவின் பின்பக்கம், அடாப்டர் எங்கே வந்து உட்காருமோ அங்கேயே போனை வைத்து ஒன்று. கடைசியாக 2.4 பெயரில் மாற்றி அதே இடத்தில் ஒன்று. கையில் பிடித்தபடி பார்க்காதீர்கள், வைத்துவிட்டுப் பாருங்கள். போனின் வைஃபை விவரத்தில் லிங்க் ஸ்பீடு (போனும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசும் வேகம்) என்று ஒன்று காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அடாப்டர் வரும்வரை அதே போனை யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் மொபைல் டேட்டாவை மட்டுமல்ல, வைஃபையில் வரும் நெட்டையும் அப்படிக் கொடுக்கும். மீட்டிங்கிற்கு அதுவே தாங்கும். ஐபோனில் இது நடக்காது, அது மொபைல் டேட்டாவைத்தான் கொடுக்கும்.

ரிச்சிதெரு_ரமணா

மாமா சொன்ன டெதரிங் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிதாக விண்டோஸ் போட்ட மெஷினில் வைஃபை கார்டுக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருக்காது, டிரைவர் இறக்க நெட் இருக்காது. அப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

தேனிக்காரி

பார்த்துவிட்டேன் மாமா. ரவுட்டர் பக்கத்தில் 5ல் 96. மாடியில் மேஜை மேல் 5ல் 70. சிபியுவுக்குப் பின்னால் வைத்தால் 31! அதே இடத்தில் 2.4ல் 22, அதுவும் 9க்கும் 25க்கும் இடையே குதிக்கிறது. போனில் லிங்க் ஸ்பீடு ரவுட்டர் பக்கத்தில் 433 என்று காட்டியது, மாடியில் நிலையாக நிற்கவில்லை.

சிபியு ஒரு மூலையில் இருக்கிறது. பின்னால் சுவர், இடது பக்கம் இரும்பு பீரோ.

மதர்போர்டு_மாமா

பீரோவா! சரி, பாதி விடை கிடைத்துவிட்டது.

மேஜை மேல் 70, இரண்டடி கீழே 31. ஒரே போன், ஒரே ரவுட்டர், ஒரே தளம். நடுவில் இருப்பது சிபியுவின் தகரமும் பீரோவின் தகரமும் மட்டும்தான். கடைக்காரர் கொடுக்கும் நகத்தளவு டாங்கிளைப் பின்பக்கப் போர்ட்டில் செருகினால் அது சரியாக அந்த 31 இடத்தில்தான் உட்காரும். அதற்குள் இருக்கும் ஆன்டெனா பருப்பளவுதான் என்பதால் 31 கூட வராமல் போகலாம். பெட்டியில் 600 போட்டாலும் 6000 போட்டாலும் இதுதான் கதை.

இப்போது பெட்டி எண்களைப் பிரித்துச் சொல்கிறேன். ஏசி600 என்பது இரண்டு அலைவரிசையின் வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு: 5ல் 433, 2.4ல் 150, இரண்டையும் கூட்டிக் கொஞ்சம் தாராளமாக 600 ஆக்கிவிடுவார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு அடாப்டர் இணையாது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 433 அல்லது 150. ஏசி1300 என்றால் 5ல் 867, 2.4ல் 400. ஏஎக்ஸ்1800 என்றால் 1201ம் 574ம். ஏஎக்ஸ்3000 என்றால் 2402ம் 574ம். அந்த 2402 வேண்டுமென்றால் ரவுட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேச வேண்டும்.

இதெல்லாம் லிங்க் வேகம். கைக்கு வருவது நல்ல நிலையில் அதில் பாதி, சற்றுக் கூட. தளமும் சுவரும் குறுக்கே வந்தால் லிங்க் வேகமே இறங்கிவிடும். 433 லிங்க் 150க்கு இறங்கினால் உங்களுக்கு வருவது 75, 80.

உங்கள் போன் ரவுட்டர் பக்கத்திலேயே 433தான் காட்டியது என்றால், போனில் 5க்கு ஒரே ஒரு ஆன்டெனா வரிசைதான் இருக்கிறது. 867 அடாப்டரில் இரண்டு இருக்கும். அதே சிக்னலில் ஏறக்குறைய இரட்டிப்பு இழுக்கும், ஒன்றில் அலை மங்கினால் மற்றது தாங்கும். ஏசி600ஐ விட ஏசி1300ஐ நான் சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான். உங்கள் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 867 வேண்டும் என்பதற்காக அல்ல.

ரவுட்டர் ஏசி1200. அது வைஃபை 5. நீங்கள் வைஃபை 6 கார்டு போட்டாலும் அது கீழே இறங்கி வைஃபை 5ல்தான் பேசும், அதிகபட்சம் 867. நாளைக்கு ரவுட்டர் மாறும் என்றால் அப்போது பயன்படும்.

திருச்சி_ஃபைபர்

ஒரு சந்தேகம் மாமா. 300 ரூபாய் டாங்கிளிலும் 600, 1300 என்று போட்டிருக்கிறார்களே, அது?

ரிச்சிதெரு_ரமணா

நான் பதில் சொல்கிறேன். அந்த விலையில் வருவதில் பாதிக்கும் மேல் 2.4 மட்டும் பிடிக்கும் 150 எம்பிபிஎஸ் சிப். பட்டியலில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், உறையிலும் எழுதலாம். வாங்குகிறவர் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: 5 கிகாஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா. "டூயல் பேண்ட்" (இரு அலைவரிசை) என்ற சொல்லும் 433 அல்லது 867 என்ற எண்ணும் இல்லாவிட்டால் கையை வைக்காதீர்கள்.

சில டாங்கிள்கள் செருகியவுடன் ஒரு சிடி டிரைவ் போலத் தோன்றும். டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும், இன்ஸ்டால் செய்தபின் தான் வைஃபை ஆக மாறும். வைரஸ் என்று பயந்து பிடுங்கிவிட்டு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. விண்டோஸில் சௌகரியம், லினக்ஸில் தலைவலி.

லினக்ஸ்தாசன்

என் பெயரைச் சொல்லாமல் கூப்பிட்டுவிட்டார் ரமணா.

அக்கா விண்டோஸ் என்பதால் இது மற்றவர்களுக்காக. லினக்ஸில் பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள், சிப்பைப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.1 முதல், ஏஎக்ஸ்210 கெர்னல் 5.10 முதல் தானாகவே வேலை செய்யும். யுஎஸ்பி வேண்டும் என்றால் மீடியாடெக் எம்டி7612யு நிம்மதி. வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயு, கெர்னல் 5.18 முதல். ரியல்டெக் யுஎஸ்பி சிப்கள் வெகுகாலம் வெளியிலிருந்து டிரைவர் கொண்டுவந்து கம்பைல் செய்யும் நிலையில்தான் இருந்தன. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் வைஃபை காணாமல் போகும். இப்போது மாறியிருக்கிறது. 8822பியு, 8821சியு குடும்பம் 6.2 முதல், 8812ஏயு, 8821ஏயு 6.14 முதல் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன.

ஒரே மாடல் பெயரில் சிப் மாறுவதுதான் பெரிய வில்லங்கம். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப்; லினக்ஸ்காரர்கள் தேடித்தேடி வாங்குவார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் அடியில் பார்கோடு பக்கத்தில் 'வெர்' என்று சின்ன எழுத்தில் எண் இருக்கும், அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மதர்போர்டு_மாமா

தேனிக்காரிக்கு என் ஓட்டு மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ கார்டுக்குத்தான். யுஎஸ்பி டாங்கிள் சூடாகும், சிலது மணிக்கணக்கில் ஓடினால் தொங்கும். கார்டில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) இருக்கும், ராத்திரி முழுக்க ஓடினாலும் அசராது. டிபி-லிங்க் ஆர்ச்சர் டிஎக்ஸ்50இ மாதிரி, ஆன்டெனாவைத் தனியாக ஒரு காந்த அடித்தளத்தில் வைத்து, கேபிளோடு வரும் மாடலாகப் பாருங்கள். கார்டு சிபியுவுக்குள், ஆன்டெனா மேஜை மேல். 31 இடத்திலிருந்து 70 இடத்துக்கு வந்துவிடுவீர்கள். உள்ளே இன்டெல் சிப், ப்ளூடூத்தும் சேர்த்து.

தேனிக்காரி

சிபியுவைத் திறந்து பார்த்தோம் மாமா. கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு ஸ்லாட் அகலம். அதன் ஃபேனுக்கு அடியில், விரல்கூட நுழையாத இடத்தில் ஒரு குட்டி ஸ்லாட் தெரிகிறது. அதற்கும் கீழே நீளமாக இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, ஆனால் அது கிராஃபிக்ஸ் கார்டு போடும் நீளம். வைஃபை கார்டு அவ்வளவு நீளமில்லையே?

மதர்போர்டு_மாமா

தாராளமாகப் போடலாம் அம்மா. குட்டிக் கார்டு பெரிய ஸ்லாட்டில் உட்காரும். பின்பக்க முனையைச் சேர்த்துச் செருகினால் மிச்ச நீளம் சும்மா கிடக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் காற்று போக இடம் இருக்கும். குட்டி ஸ்லாட்டில் எப்படியாவது நுழைத்துவிடுவோம் என்று முயலாதீர்கள், ஃபேன் இறக்கை உரசும்.

ப்ளூடூத் வேண்டும் என்றால் கார்டோடு வரும் ஒரு சின்னக் கேபிளை மதர்போர்டில் யுஎஸ்பி 2.0 ஹெட்டரில் செருக வேண்டும். எஃப்_யுஎஸ்பி என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும், ஒன்பது ஊசி. வைஃபை பிசிஐஇ வழியாகப் போகும், ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகும். இதைச் செருகாமல் "ப்ளூடூத் வரவில்லை" என்று இழை திறப்பவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

திருச்சி_ஃபைபர்

மாமா, ஒரு மறுப்பு. அந்தக் காந்த ஆன்டெனா கேபிள் எவ்வளவு நீளம்? ஒரு மீட்டர் அளவில்தான் வரும். அதை நீட்டலாம் என்று மெல்லிய எக்ஸ்டென்ஷன் போட்டால், 5 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளே சிக்னலைத் தின்றுவிடும். யுஎஸ்பி அடாப்டரில் அந்தக் கவலை இல்லை. ரேடியோவே அடாப்டருக்குள் இருப்பதால் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷனில் போவது டிஜிட்டல் சிக்னல். யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டர் வரை, 3.0 என்றால் மூன்று மீட்டர் வரை இழுத்துக் கதவுநிலையில் கொண்டுபோய் வைக்கலாம்.

அக்கா, மாடிப்படி எந்தப் பக்கம்? அறைக் கதவு அதைப் பார்த்தபடி இருக்கிறதா? கதவுநிலை மேல் போனை வைத்து ஒரு தடவை பாருங்களேன்.

தேனிக்காரி

கதவு மாடிப்படியைப் பார்த்துத்தான் இருக்கிறது. படிக்கட்டு நேராக ஹாலில் இறங்கும். கதவுநிலை மேல் போனை வைத்து எடுத்தேன் தம்பி: 88!

மேஜையிலிருந்து கதவு இரண்டரை மீட்டர்.

மதர்போர்டு_மாமா

88 என்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. படிக்கட்டு வழியாக அலை தளத்தைத் தொடாமலேயே மேலே வருகிறது. அப்படியானால் யுஎஸ்பியே சரி. கார்டுக்குக் கொடுக்க இருந்த காசில் பாதியும் மிஞ்சும்.

ஆனால் 3.0 அடாப்டராகப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 அதிகபட்சம் 480 எம்பிபிஎஸ்தான், நடைமுறையில் 300ஐத் தாண்டுவது கடினம். உங்கள் 100க்கு அது போதும்தான். இருந்தாலும் நாளைக்குத் திட்டத்தை மாற்றினால் மறுபடி வாங்க வேண்டாம்.

கம்பிவடம்

மூன்று மீட்டர் யுஎஸ்பி கேபிளைக் கதவுவரை இழுக்கப் போகிறீர்கள். இன்னும் எட்டு மீட்டர் லேனாக இழுத்தால் ரவுட்டரே வந்துவிடும்.

தேனிக்காரி

படிக்கட்டில் ஒரு கேபிள் தொங்கினால் மாமியார் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாது அண்ணா.

திருச்சி_ஃபைபர்

3.0 பற்றி ஒரு எச்சரிக்கை. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெலே 2012ல் இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. 5ல் இணைத்தால் அடாப்டருக்குப் பாதிப்பில்லை. ஆனால் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டின் குட்டி ரிசீவர் 2.4ல் ஓடும். அதை அந்த 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினால் மவுஸ் திக்கும். மவுஸை முன்பக்கம், அடாப்டரைப் பின்பக்கம் என்று பிரித்துவிடுங்கள். கேபிளும் மலிவானதாக வேண்டாம், உறையில் 3.0 என்று போட்டு உள்ளே 2.0 கம்பி வைத்து விற்கிறார்கள். செருகும் முனைக்குள் எட்டிப் பாருங்கள், நான்கு தகடு மட்டும் இருந்தால் 2.0, உள்ளே இன்னும் ஐந்து இருந்தால்தான் 3.0.

கோவை_மில்

இழைக்குள் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஏஎம்டி போர்டு. ஏஎக்ஸ்201 என்ற இன்டெல் சிப் ஆன்லைனில் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது, ஏஎக்ஸ்200ஐ விடக் குறைவு. ஒரு எண் கூடவே தவிர விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா?

மதர்போர்டு_மாமா

வேண்டாம். 201, 211 இரண்டும் சிஎன்விஐ வகை. வைஃபை மூளையில் ஒரு பகுதி அந்தத் துண்டில் இல்லை, இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும். அதனால்தான் மலிவு. ஏஎம்டி போர்டில் செருகினால் உயிரே வராது. பழைய இன்டெல் போர்டிலும் அப்படித்தான். 200, 210 என்று பூஜ்யத்தில் முடிவது எந்த பிசிஐஇ ஸ்லாட்டிலும் ஓடும்.

இன்னொன்று, எம்.2 (சின்னத் துண்டுகளைச் செருகும் ஸ்லாட் வகை) என்று பார்த்தவுடன் எஸ்எஸ்டி ஸ்லாட்டில் செருகலாம் என்று நினைக்காதீர்கள். எஸ்எஸ்டி ஸ்லாட் எம் கீ, வைஃபை துண்டு ஈ கீ, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பிசிஐஇ தட்டில் ஏற்றிய கிட்டாக வாங்குங்கள். துண்டைத் தனியாக வாங்கி நீங்களே ஏற்றினால், ஆன்டெனா ஒயரின் முனை கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வளையம். அதை நேர் மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும்.

கோவை_மில்

நன்றி மாமா. அப்படியே வைஃபை 7 கார்டாகப் போய்விடலாமா?

லினக்ஸ்தாசன்

இன்டெலின் பிஇ200 கார்டு ஏஎம்டி போர்டுகளில் தகராறு செய்வதாக நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், இன்டெல் போர்டாக இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். விண்டோஸில் வைஃபை 7 வேலை செய்ய விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு வேண்டும். ரவுட்டரும் வைஃபை 7 ஆக இருக்க வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் ஆசையில் அதைப் பிடிக்கும் வைஃபை 6இ வாங்குகிறவர்கள் நம் ஊர் விதியையும் பார்க்க வேண்டும்: 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டுக்குள் குறைந்த சக்தியில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வரைவு விதி வெளியிட்டது. அதுவும் 5ஐ விடத் தளத்தை ஊடுருவும் திறன் குறைந்த அலை. மாடிக்கும் கீழுக்கும் 6 கிகாஹெர்ட்ஸை நம்பி யாரும் கார்டு வாங்க வேண்டாம்.

ரிச்சிதெரு_ரமணா

பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் தூங்குகிறதா என்று யாரும் கேட்கவில்லையே? டூயல் பேண்ட் ரவுட்டராக இருந்து, அதில் கிளையன்ட் மோடோ ரிப்பீட்டர் மோடோ (இன்னொரு ரவுட்டரின் வைஃபையைப் பிடிக்கும் வசதி) இருந்தால், மாடியில் அதை வைத்து அதன் லேன் போர்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு அடி கேபிள். டிரைவரும் வேண்டாம், ஸ்லாட்டும் வேண்டாம், எந்த ஓஎஸ் என்றாலும் சரி. ஆன்டெனாவும் டாங்கிளைவிடப் பெரிது. பிளக் பாயின்ட் ஒன்று போகும், அவ்வளவுதான்.

தேனிக்காரி

பழையது ஒன்று இருந்தது அண்ணா, 2.4 மட்டும். பழைய பொருள் எடுப்பவரிடம் போட்டுவிட்டோம்.

முடிவு செய்துவிட்டேன். ஏசி1300 யுஎஸ்பி, டிபி-லிங்க் ஆர்ச்சர் டி3யு ப்ளஸ் பார்த்திருக்கிறேன், கூட மூன்று மீட்டர் 3.0 எக்ஸ்டென்ஷன். யாருக்காவது மறுப்பு உண்டா?

லினக்ஸ்தாசன்

உள்ளே ரியல்டெக் 8812பியு, நான் சொன்ன 8822பியு குடும்பம்தான், லினக்ஸ் போட்டாலும் 6.2 கெர்னலுக்கு மேல் தானாக ஓடும். எனக்கு மறுப்பில்லை.

மதர்போர்டு_மாமா

வாங்குங்கள். வந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மீட்டிங்கில் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தால் அறுந்துபோகும் தொல்லைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அட்வான்ஸ்டு பக்கத்தில் ப்ரிஃபர்டு பேண்ட் என்று ஒன்று இருந்தால் 5ஐத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்துவிட்டதால் 2.4 பெயரைக் கம்ப்யூட்டரில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒரு நாள் அது தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டுவீர்கள்.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் சானலை ஆட்டோவில் விடாமல் 36 அல்லது 149ல் நிறுத்துங்கள். 2018 அக்டோபரில் இந்தியாவில் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றித் திறந்துவிட்டார்கள், இடம் நிறைய. ஆனால் 52 முதல் 144 வரையிலான சானல்களில் ரேடார் அலை கேட்டால் ரவுட்டர் உடனே விலகியாக வேண்டும். கேம் நடுவில் அப்படி விலகினால் பையன் கத்துவான். 2.4 யார் பயன்படுத்தினாலும் 1, 6, 11 மூன்றில் ஒன்று. 13ல் வைத்தால் சில அடாப்டர்களுக்கு அந்த நெட்வொர்க் கண்ணுக்கே தெரியாது.

தேனிக்காரி

வந்துவிட்டது, மாட்டியும் ஆகிவிட்டது. கதவுநிலை மேல் இருபக்க டேப் போட்டு ஒட்டினேன். விண்டோஸில் லிங்க் ஸ்பீடு 400க்கும் 520க்கும் இடையில் காட்டுகிறது. ஸ்பீடு டெஸ்ட் 95, அதாவது திட்டமே அவ்வளவுதான். ரவுட்டருக்குப் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) 2, 3 மில்லிசெகண்ட். எப்போதாவது 15க்குத் துள்ளுகிறது. சும்மா பார்க்கலாமென்று அதே அடாப்டரை எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சிபியு பின்னால் செருகினேன்: 44.

மவுஸ் முதலில் திக்கியது. திருச்சித் தம்பி சொன்னபடி முன்பக்கம் மாற்றியதும் சரியாகிவிட்டது.

கம்பிவடம்

15 மில்லிசெகண்டுக்குத் துள்ளுவது கேபிளில் நடக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மதர்போர்டு_மாமா

அது உண்மைதான்.

சேலம்_மாம்பழம்

இழையை முழுக்கப் படித்தேன். என்னிடம் இருப்பது பழைய அலுவலக டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஒல்லிப் பெட்டி. எனக்கு ப்ளூடூத்தும் வேண்டும் என்பதால் கார்டுதான் போடப் போகிறேன். மாமா சொன்ன கார்டு இதற்குள் நுழையுமா?

மதர்போர்டு_மாமா

ஒல்லிப் பெட்டியில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். கார்டின் பச்சைத் தகடு பெரும்பாலும் குட்டைதான், பின்னால் இருக்கும் இரும்புப் பட்டைதான் உயரம். வாங்கும் முன் பெட்டிக்குள் லோ ப்ரொஃபைல் பிராக்கெட் தனியாக வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் இரண்டு திருகைக் கழற்றிப் பட்டையை மாற்றினால் போதும். ப்ளூடூத்துக்கு அந்த ஒன்பது ஊசி ஹெட்டர் உங்கள் போர்டில் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் அது இல்லாமலும் இருக்கும். அப்படியானால் கார்டில் வைஃபை மட்டும் ஓடும், ப்ளூடூத்துக்குத் தனியாக ஒரு குட்டி யுஎஸ்பி வாங்கிக்கொள்ளலாம்.